ரேகை

வேதாளை ஷெட்டில் காலை ஐந்தரைக்கு
ஆவி பறக்க வந்து விழுகிறது நீலக்கால் நண்டு.
வெந்தபின் நீலம் ஏது, எல்லாம் காவி.
முப்பது பெண்கள், முப்பது கத்தி,
குளோரின் வாடை,
ஐஸ் உருகி ஓடும் சிமெண்டுத் தரை.
மூலையில் ஒரு மேசை, மேசைமேல்
நான் கொண்டுவந்த கை.

கை என்றால் ஒரு கட்டைவிரல், ஒரு சுட்டுவிரல்.
மற்ற மூன்றுக்குக் கம்பெனி பணம் ஒதுக்கவில்லை.
சிலிக்கான் தோல். அதற்கடியில்
அழுத்தினால் மின்தடை மாறும் படலம்,
பதினாறுக்குப் பதினாறு புள்ளி.
சதைக்குள் ஒளிந்த ஓட்டுச் சில்லை,
நொய்யரிசியில் பாதி இருக்கும்,
தொட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சொல்லவில்லை.
காலையில் சொன்னதை மதியம் மறுத்தது.
கச்சான் எழுந்தால் ஈரம் ஏறி
எதையுமே தொடாமல்
எதையோ தொட்டதாகத் திரையில் சிவப்புப் பூக்கும்.
மண்டபம் லாட்ஜில் இரவெல்லாம்
பூஜ்யத்தைத் திருத்திக்கொண்டிருப்பேன்.

விரல் வழுவழுப்பாய் இருப்பதுதான் கோளாறு என்று பட்டது.
ரேகை உராய்ந்தால் அதிர்வு பிறக்கும்,
அதிர்வில்தான் சொரசொரப்பு இருக்கிறது.
அச்சுக்கு ஒரு ரேகை வேண்டும்.
பெனித்தா ஒரு நாளைக்கு நாலு கிலோ சதை பிரிப்பாள்,
ஒரு சில்லு இராது.
விரலைக் கொடுங்கள் என்றேன்.
மெழுகில் அழுத்தினாள். தூக்கிப் பார்த்தேன்:
அலை துடைத்துப்போன மணல்.

"பதினோரு வருசமா ஓடு தின்னுருக்கு சார்.
ரேஷன் கடை மிஷின்லயும் இதே கததான்.
தொடச்சு வையி, எண்ண தடவி வையி, அடுத்த வெரல வையி...
பத்தையும் வச்சு முடிச்சா
பொருந்தவில்லைன்னு ஒரு பொம்பளக் கொரலு.
மவன் வெரலுக்குத்தான் எங்க வீட்டுல அரிசி."

என் கட்டைவிரலை அச்செடுத்தேன்.
விசைப்பலகை தவிர எதையும் தேய்க்காத விரல்.
கோடுகள் புது நோட்டுப்போல.
பரமக்குடிக்காரன் ரேகையோடு
நண்டைத் தொட்டது இயந்திரம்.
பத்தில் ஏழு சரி. மறுநாள் எட்டு.
சென்னைக்கு வீடியோ அனுப்பினேன்,
கைதட்டும் பொம்மைகள் திரும்பி வந்தன.

பதினேழாம் நாள் நாலு.
பதினெட்டாம் நாள் மூன்று.
தோலைக் கழற்றி விளக்கடியில் பிடித்தேன்.
எட்டிப் பார்த்த பெனித்தா சிரிப்பை அடக்கவில்லை:
"இதுக்கும் இனி அரிசி கெடையாது."
முப்பது கத்தியும் நின்று சிரித்தன.

சிரித்து முடித்துக் கேட்டேன்:
ரேகை இல்லாமல் உங்களுக்கு எப்படித் தெரிகிறது?
யோசித்தாள். யோசிக்கையிலும்
அவள் விரல் ஒரு கால்மூட்டை முடித்து அடுத்ததற்குப் போயிருந்தது.
"நெகத்தடியில நறுக்குங்கும்.
அது கேக்குதா, படுதா,
பிரிச்சுச் சொல்லத் தெரியல."

அன்றிரவு பூஜ்யத்தை விட்டுவிட்டேன்.
சோப்பு டப்பா மூடியை நகமாக நறுக்கி
ரப்பர் விரலின் முதுகில் ஒட்டினேன்,
படலத்தை நுனியிலிருந்து உரித்து அதன் அடியில் பதித்தேன்.
சில்லில் பட்டதும் திரையில் ஒரு முள் எழுந்தது.
எதைச் சொல்கிறது என்று இன்னும் படிக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார்.
வழக்கமான கேள்விதான்:
எத்தனை பேரைக் குறைக்கலாம்?
இன்னும் தெரியாது என்றேன்.
போன வாரமும் இதையே சொன்னேன்,
அப்போது அது பொய்.
நாலு மேசை தள்ளி ஒரு கத்தி
ஓட்டின்மேல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.

அவர் கார் கிளம்பியபின்
கை கழுவ வந்தவள் என் மேசையருகே நின்றாள்.
"நெகம் வச்சிட்டீகளா?"
ஆமாம்.
"ஒட்ட வெட்டிருங்க சார்.
நீட்டா இருந்தா சூப்பர்வைசர்
சம்பளத்துல புடிப்பாரு."

வெட்டினேன்.
முள் கொஞ்சம் சிறிதானது.